‘சத்திய சோதனை’ காட்டும் வாசகர்

பெரியோர் வரலாற்றை எழுதுவோரிடத்து ஒரு வழக்கம் உண்டு. தாம் போற்றும் பெரியார் இளமையிலேயே நூல்களில் மூழ்கியிருந்தார் என்றும், ஒத்த வயதினர் விளையாடப் போன வேளையிலும் அவர் ஏட்டைக் கைவிட்டிலர் என்றும் கூறித் தொடங்குவர். பிற்காலப் பெருமைக்கு ஏற்றதொரு தோற்றுவாய் வேண்டும் என்னும் எண்ணமே இவ்வழக்கத்திற்குக் காரணம் போலும். இவ்வரலாறுகளைப் படிக்கும் மாணவருள், புத்தகத்தைக் கண்டாலே மனங் கசக்கும் ஒருவன் இருப்பானாயின் அவன் நிலை யாது? தனக்கும் கல்விக்கும் இடையே பிறவியிலேயே ஒரு மதில் எழுந்துவிட்டது என்று கருதி அவன் நெஞ்சந் தளர்தல் கூடும். அவனுக்கு ஆறுதல் தருவதோடு, அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியரையும் சிந்திக்க வைக்கும் நூல் ஒன்று உண்டு. அது காந்தியடிகள் எழுதிய தன்வரலாறாகிய ‘சத்திய சோதனை’.

1925ஆம் ஆண்டு முதல் 1929ஆம் ஆண்டு வரை ‘நவஜீவன்’ என்னும் வார இதழிற் குசராத்தி மொழியில் தொடர்ந்து வெளிவந்தது இந்நூல். மகாதேவ தேசாய் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். வாய்மை, உண்ணாநோன்பு, புலனடக்கம், அறப்போர் என்பவற்றை நாடியே பலரும் இதனைக் கற்பர். ஒரு வாசகர் உருவான வரலாறும் இதனுள் அடங்கியுள்ளது என்பதைக் கருதுவோர் சிலரே. அவ்வரலாறு ஓரிடத்தில் தொகுத்துச் சொல்லப்படவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடக்கின்றது. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. வாசிப்பிலே வெறுப்புக் கொண்டிருந்த ஒருவர் எவ்வாறு அதன் சுவையறிந்தார் என்பது ஒன்று. அவ்வனுபவத்திலிருந்து அவர் பெற்ற முடிபு, அவர் தாமே தரும் சான்றுகளோடு முற்றும் பொருந்தவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இளமைப் பருவத்தை நோக்கலாம். 1869ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்த காந்தியடிகள் இராஜகோட்டிற் பள்ளிக் கல்வி பெற்றார். தாம் மிகுந்த கூச்சமுடையவராய் இருந்தமையாற் புத்தகங்களும் பாடங்களுமே தமக்குத் துணையாயின என்று அவர் எழுதுகிறார். ஆனால், பாடநூலுக்கு அப்பால் எதனையும் படிப்பதில் தமக்கு விருப்பமே இருந்ததில்லை என்றும் அடுத்துச் சொல்கிறார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். உண்மையில் முரண் இல்லை. பிறர் தம்மைக் கேலி செய்வரோ என்று அஞ்சிப் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடும் சிறுவன் அவர். அவருக்குப் புத்தகம் நண்பன் அன்று. ஒளிந்து கொள்வதற்கு ஏற்ற ஒரு மறைவிடம். புத்தகத்தின் பின்னே ஒளிந்திருத்தல் வேறு, புத்தகத்தினுள்ளே புகுந்து வாழ்தல் வேறு. அமைதியாக ஏட்டை விரித்து வைத்திருக்கும் பிள்ளைகளெல்லாம் வாசிப்பில் இன்பங் காண்கின்றனர் என்று கொள்ளும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு ஓர் எச்சரிக்கையாகும்.

அன்றைய பள்ளியிலே புத்தகம் எவ்வாறு தோற்றமளித்தது என்பதையும் இந்நூல் காட்டுகின்றது. உயர்தரப் பள்ளியின் முதலாண்டிற் கல்விப் பரிசோதகர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் செய்தார். நீர் கொதிக்க வைக்கும் கலத்தைக் குறிக்கும் சொல்லைச் சிறுவன் பிழையாக எழுதினான். பக்கத்து மாணவனைப் பார்த்துத் திருத்துமாறு ஆசிரியர் காலணியின் முனையாற் குறிப்புக் காட்டினார். சிறுவன் அதனை உணர்ந்திலன். ஏனையோர் ஐந்து சொற்களையும் சரியாக எழுத, அவன் ஒருவனே பிழைபட்டான். சிறுவனின் நேர்மைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. எனினும், கல்வி வரலாறு என்னும் நோக்கிற் பார்க்குமிடத்து இது வேறொன்றையும் உணர்த்துகின்றது. சொல் என்பது பொருளுக்காக அன்றிப் பரிசோதகருக்காக இருந்தது. நான்காம் வகுப்புத் தொடக்கம் பாடங்களிற் பல ஆங்கிலத்திலே கற்பிக்கப்பட்டன. கேத்திரகணிதம் முன்னமே அவருக்கு எளிதாக இருந்ததில்லை. அந்நிய மொழி அதனை மேலும் கடினமாக்கிற்று. யூக்கிளிட்டின் 13ஆம் தேற்றத்தை அடைந்த பின்னரே அதன் எளிமை திடீரெனப் புலப்பட்டதாம். விருப்பமின்மைக்குச் சோம்பல் காரணமன்று. பொருள் விளங்காமையே காரணம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய சிறுவனை ஒரு நூல் ஈர்த்தது. தந்தையார் வாங்கி வைத்திருந்த ‘சிரவண பித்ருபக்தி நாடகம்’ என்பது அதன் பெயர். பெற்றோர்பாற் பேரன்பு கொண்ட சிரவணனின் கதையைக் கூறும் அதனை அவர் மிகுந்த ஆர்வத்தோடு படித்து முடித்தார். அதே காலத்தில் ஊர்தோறுஞ் சென்று படங்காட்டுவோர் சிலர் வந்தனர். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் வைத்துத் தோளிற் சுமந்து தீர்த்த யாத்திரை செய்யும் சிரவணனின் உருவத்தை அப்படங்களில் அவர் கண்டார். மகன் இறந்தபோது பெற்றோர் புலம்பிய புலம்பலின் இசை அவர் உள்ளத்தை உருக்கியது. தந்தையார் வாங்கித் தந்த சிறு துருத்தி இசைக்கருவியில் அவ்விசையை அவர் வாசித்தும் பார்த்தார்.

இந்நிகழ்ச்சியின் அமைப்புக் கருதத்தக்கது. நூல் ஒன்று, அதன்பின் ஓவியம், அதன்பின் இசை, இறுதியில் தன் கையாலே வாசித்தல் என ஒரே கதை நான்கு வாயில்களால் உள்ளே புகுந்தது. அது பாடமாக வரவில்லை. அதன்மேற் பரீட்சை நடத்துவார் ஒருவருமிலர். தந்தையாரின் வீட்டில் தற்செயலாகக் கண்ணிற் பட்டது என்பதே அதன் வலிமை. வீட்டிலே ஒரு நூல் கிடக்க வேண்டும் என்பதும், அதனை எடுக்குமாறு ஒருவரும் கட்டளையிடாதிருக்க வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

அடுத்து வந்தது செவிவழிக் கல்வி. தந்தையார் நோயுற்றுப் போர்பந்தரில் இருந்த காலத்தில், மாலைதோறும் இலாதா மகராஜ் என்னும் அடியார் வந்து துளசிதாசரின் இராமாயணத்தைப் படிப்பார். இனிய குரலிற் செய்யுளைப் பாடிப் பொருளை விரித்துரைத்துத் தாமும் அதில் மெய்ம்மறந்து, கேட்போரையும் தம்மோடு ஈர்த்துச் செல்வார். அப்பொழுது காந்தியடிகளுக்கு வயது 13. இராமாயணத்தின்பால் தாம் கொண்ட ஆழ்ந்த பற்றுக்கு அம்மாலைப் பொழுதுகளே அடிப்படை என்கிறார். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடன மரபை அறிந்தார்க்கு இக்காட்சி புதியதன்று. ஏடு தொட்டறியாதாரும் இம்மரபினாற் காப்பியச் சுவை அறிந்தனர். கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்தமையும், நன்னூற் பொதுப்பாயிரம் பாடஞ் சொல்லுதல், பாடங் கேட்டல் என்றே கல்வியைப் பேசுகின்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கன.

ஆயின், கேட்டல் என்பதும் தானாகவே பயன் தருவதன்று. இராஜகோட்டில் ஏகாதசி நாள்களிற் பாகவதம் படிக்கப்பட்டது. சிலவேளை அதற்கும் சிறுவன் சென்றிருந்தான். படித்தவர் உணர்ச்சியின்றிப் படித்தமையால் அது அவன் உள்ளத்தைத் தொடவில்லை. பல ஆண்டுகள் கழிந்து 1924ஆம் ஆண்டு 21 நாள் உண்ணாநோன்பிருந்தபோது, பண்டித மதன்மோகன் மாளவியா மூலநூலிலிருந்து சில பகுதிகளைப் படிக்கக் கேட்டார். இத்தகைய அடியார் ஒருவரிடம் இளமையிலேயே இதனைக் கேட்டிருக்கலாகாதா என்று அப்போது ஏங்கினாராம். நூல் ஒன்றே, படித்தவர் இருவர். ஒருவர் கதவை அடைத்தார், மற்றவர் திறந்தார். நூலை மாணவர் வெறுக்கின்றனர் என்று குறைகூறு முன், அதனை அவர்க்கு அறிமுகஞ் செய்தவரின் குரலில் நூலின்பால் அன்பு இருந்ததா என்று வினவுதல் முறையன்றோ?

1888ஆம் ஆண்டு சட்டங் கற்க இலண்டன் சென்ற இளைஞர், அதுவரை ஒரு செய்தித்தாளையும் படித்தறியாதவர். நாள்தோறும் சிறிது நேரம் படித்துப் படித்தே அதில் விருப்பத்தை வளர்த்துக் கொண்டார். இக்காலத்தில் இரு நூல்கள் அவர்முன் வந்த முறை ஒப்பிட்டு நோக்கத்தக்கது. புலாலுண்ண மறுக்கும் அவரைத் திருத்த விரும்பிய நண்பர் ஒருவர், பயன்பாட்டுக் கொள்கை பற்றிப் பெந்தாம் எழுதிய நூலைப் படித்துக் காட்டத் தொடங்கினார். அதன் நடை விளங்காது இடர்ப்பட்டவர், இத்தகைய நுண்பொருள் தமக்கு எட்டாது என்று கூறித் தம்மை விட்டுவிடுமாறு வேண்டினார். அந்நூல் பெரியது, நண்பரின் நோக்கமும் நல்லதே. ஆயினும், பிறர் ஒருவரின் வாதத்திற்குக் கருவியாக வந்த நூல் உள்ளத்திற் புகவில்லை.

மற்ற நூல் வந்த வழி வேறு. தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, வேண்டிய உணவு கிடையாது, மரக்கறி உணவுச்சாலை ஒன்றைத் தேடி நாள்தோறும் பல கல் நடந்தார். இறுதியிற் பரிங்டன் வீதியில் ஒன்றைக் கண்டபோது குழந்தையின் மகிழ்ச்சி கொண்டார். உள்ளே புகுமுன் வாயிலருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களிடையே, மரக்கறி உணவுக்காகப் பரிந்து ஹென்றி சோல்ட் எழுதிய சிறு நூலைக் கண்டார். ஒரு சிலிங் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு நேரே உணவுக்கூடஞ் சென்றார். இங்கிலாந்தில் அவர் வயிறார உண்ட முதலுணவு அதுவே. அந்நூலை முதலிலிருந்து இறுதிவரை ஒன்றும் விடாது படித்தார். அதுவரை வாக்குக்காகக் காத்த நோன்பு, அதன்பின் தம் அறிவு தேர்ந்த கொள்கையாயிற்று. தொடர்ந்து உணவு பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படித்தார்.

வயிற்றுப் பசியும் அறிவுப் பசியும் ஒரே வாயிலிலே தணிந்த இந்நிகழ்ச்சி, ‘சத்திய சோதனை’யிற் காணும் வாசிப்பு வரலாற்றின் நடுநாயகம் எனலாம். வாழ்க்கையில் முன்னரே எழுந்துவிட்ட வினாவொன்றுக்கு விடையாக வரும்போது நூல் இனிக்கின்றது. வினா எழாதவிடத்து, எத்துணை உயர்ந்த நூலும் சுமையாகின்றது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைப் படிக்கும்போது உறக்கம் வந்தது என்றும், படித்தேன் என்று சொல்லிக் கொள்ளவே சில பகுதிகளைப் படித்தேன் என்றும் அவர் ஒளிக்காது எழுதுகிறார். புதிய ஏற்பாட்டின் மலைப்பிரசங்கமோ நேரே நெஞ்சிற் புகுந்தது. ஒரே நூற்றொகுதியின் இரு பகுதிகள் ஒரே வாசகருக்கு இவ்வாறு வேறுபட்டமை கருதத்தக்கது.

இவ்வரலாற்றின் உச்சம் 1904ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35. யொகானஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்குப் புறப்பட்ட அவரை வழியனுப்ப வந்த ஹென்றி போலக், பயணத்திற் படிக்குமாறு ஒரு நூலைக் கையிற் கொடுத்தார். போலக்கின் நட்பும் ஒரு மரக்கறி உணவுச்சாலையிலே தொடங்கியதே. ‘கடையனுக்கும்’ என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல் ஜோன் ரஸ்கின் எழுதியது; 1860ஆம் ஆண்டு ‘கோண்கில்’ என்னும் ஆங்கில இதழிற் கட்டுரைகளாக வந்து, 1862இல் நூலுருப் பெற்றது. 24 மணி நேரப் பயணம். தொடங்கிய பின் அதனைக் கீழே வைக்க முடியவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. அதன் கொள்கைகளுக்கு ஏற்பத் தம் வாழ்க்கையை மாற்றுவதெனத் துணிந்தார். அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் குடியிருப்புத் தோன்றியது. 1908ஆம் ஆண்டு அந்நூலைக் குசராத்தியிற் சுருக்கித் தந்து, ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார்.

அந்நூலிலிருந்து தாம் கற்றனவாக மூன்று கருத்துகளை அவர் குறிக்கிறார். எல்லோர் நலத்துள்ளும் தனியொருவன் நலம் அடங்கும் என்பது முதலாவது. வழக்கறிஞர் தொழிலுக்கும் நாவிதர் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே என்பது இரண்டாவது. உழவரும் கைத்தொழிலாளரும் வாழும் உழைப்பு வாழ்க்கையே வாழத்தக்க வாழ்க்கை என்பது மூன்றாவது. முதலாவதைத் தாம் முன்னரே அறிந்திருந்ததாகவும், இரண்டாவதை மங்கலாக உணர்ந்திருந்ததாகவும், மூன்றாவது தமக்குத் தோன்றியதேயில்லை என்றும் கூறுகிறார்.

ரஸ்கினின் நூலை நேரே கற்றார்க்கு இங்கே ஒரு வியப்பு எழும். தொழிலாளியின் திறமை கூடினும் குறையினும் ஊதியம் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும் என்று ரஸ்கின் வாதித்தது உண்மை. ஆயினும், மனிதர் எல்லோரும் சமம் என்பதை அவர் ஏற்றவர் அல்லர். சமத்துவம் இயலாது என்பதையே தம் நூல்களில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தி வந்ததாக அந்நூலிலேயே கூறுகிறார். உயர்ந்தோர் வழிகாட்ட ஏனையோர் அவ்வழி நடத்தலே அவர் விரும்பிய சமுதாயம். வழக்கறிஞரையும் நாவிதரையும் ஒரே தட்டில் வைத்தவர் ரஸ்கின் அல்லர். காந்தியடிகளே எனல் பொருந்தும். தம் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்த எண்ணங்கள் சில அந்நூலிலே எதிரொளித்தமையைக் கண்டதாக அவரே ஒப்புகிறார்.

இதனைப் பிழைபட்ட வாசிப்பு என்று தள்ளிவிடலாமா? தள்ளுவது எளிது, பொருந்துவதோ அரிது. நூலாசிரியன் சொன்னதனை மாத்திரம் பெற்றுக்கொள்வது பரீட்சைக்குப் படிக்கும் முறை. நூலோடு உரையாடி, அதன் கருத்தை நூலாசிரியனே துணியாத எல்லைவரை கொண்டு செல்வது வாழ்க்கைக்குப் படிக்கும் முறை. ஆயினும், இம்முறையில் ஓர் இடரும் உண்டு. தம் முகத்தையே காணும் கண்ணாடியாக நூலைப் பயன்படுத்துவோர், தமக்கு மாறான கருத்தைச் சந்திக்கும் வாய்ப்பை இழத்தல் கூடும். காந்தியடிகளை இவ்விடரிலிருந்து காத்தது அந்த மூன்றாவது கருத்தே. முன்பு தோன்றாத ஒன்றை அந்நூல் அவர்க்குத் தந்தது. அவரும் அதனை ஏற்று ஏரும் மண்வெட்டியும் உள்ள வாழ்க்கைக்குத் திரும்பினார். கண்டதைக் காட்டுவதோடு காணாததையும் காட்டுவதே சிறந்த நூலின் இலக்கணம் என்று இதனாற் கொள்ளலாம்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் அதிகாரத்திலேதான் தம் வாசிப்பைப் பற்றிய பொது முடிபையும் அவர் தருகிறார். கல்விக் காலத்திற் பாடநூலன்றி வேறு படிக்கவில்லை; பின்னர் வாழ்க்கைப் பணியில் இறங்கியமையால் நேரமும் வாய்க்கவில்லை; எனவே நூலறிவு தமக்குக் குறைவு. ஆயினும் அதனாற் பெரிதும் இழந்ததில்லை. குறைவாகப் படித்தமையாற் படித்ததை நன்கு செரித்துக் கொள்ள முடிந்தது என்பது அவர் கருத்து. தொல்ஸ்தோய் பண்ணையிற் பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்தைக் கூறுமிடத்தும், பாடநூல்களுக்கு அவசியமில்லை, ஆசிரியரே மாணவர்க்கு உண்மையான பாடநூல், கண்களாற் கற்பதிலும் செவிகளாற் பிள்ளைகள் மிகுதியாகவும் எளிதாகவும் கற்பர் என்கிறார்.

செரித்துக் கொள்ளுதல் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. யொகானஸ்பேர்க்கிலே காலையிற் பல் துலக்குவதற்கு 15 நிமிடமும் நீராடுவதற்கு 20 நிமிடமும் அவர்க்குச் சென்றன. பல் துலக்கும்போது, எதிர்ச்சுவரில் ஒட்டிய தாளில் எழுதிய கீதைச் சுலோகங்களை நோக்கி மனனஞ் செய்தார். இவ்வாறு 13 அத்தியாயங்கள் மனத்திற் பதிந்தன. அருஞ்சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவது போல, வாழ்க்கையில் இடர்ப்பாடு நேர்ந்தபோதெல்லாம் நடத்தைக்கு அகராதியாகக் கீதையைப் புரட்டினார். பல்லாயிரம் நூல்களைப் புரட்டி ஒன்றினும் நில்லாதார் இதன்முன் நாணவே வேண்டும்.

எனினும், குறைந்த வாசிப்பே போதும் என்னும் முடிபை அவர் நூலே ஐயுறச் செய்கின்றது. இதற்கு மூன்று சான்றுகள் உள.

முதலாவது சான்று வடமொழி. ஆறாம் வகுப்பிலே வடமொழியின் மனனச் சுமைக்கு அஞ்சி, எளிதெனப் பிறர் கூறிய பாரசீக வகுப்பிற் போய் அமர்ந்தார் மாணவர். வடமொழி ஆசிரியராகிய கிருஷ்ணசங்கர் பாண்டியா அது கண்டு வருந்தினார். தம் சமயத்தின் மொழியைக் கற்க வேண்டாவா, இடர்ப்பாடு இருப்பின் தம்மிடம் வரலாகாதா, போகப் போக அது சுவை தரும் என்று அன்போடு அழைத்தார். அவ்வன்பை மறுக்க இயலாது மாணவர் திரும்பி வந்தார். அன்று கற்ற சிறிதளவு வடமொழி இல்லாதிருப்பின் சமய நூல்களிலே தமக்கு நாட்டம் உண்டாதல் அரிதாயிருக்கும் என்று பின்னாளில் நன்றியோடு நினைவு கூர்கிறார். மேலும் கற்காமைக்கு வருந்துகிறார். சுவரில் ஒட்டிய கீதைக்கு வித்திட்டது, அவர் விட்டோட முயன்ற அப்பாடமே.

இரண்டாவது சான்று இலத்தீன். உரோமச் சட்டத்தைக் குறிப்புகளின் துணையோடு சில நாள்களிற் படித்துத் தேறுதல் அக்காலத்திற் பலர் வழக்கம். அவரோ அதனை வஞ்சனை எனக் கருதி, மூலத்தை இலத்தீனிலேயே கற்றார். இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைக் கற்க 9 மாதம் உழைத்தார். நிலவுடைமை பற்றிய சட்ட நூலொன்று நாவலைப் போலச் சுவைத்தது என்று அவர் கூறுவது, கடமையாகத் தொடங்கிய வாசிப்பும் இன்பமாக முடிதல் கூடும் என்பதற்கு அரிய சான்றாகும். உரோம-ஒல்லாந்தச் சட்டம் இலங்கையிற் போலவே தென்னாபிரிக்காவிலும் வழங்குவது. அந்நாட்டுச் சட்டத்தை விளங்கிக் கொள்வதற்கு அன்று கற்ற உரோமச் சட்டம் பெருந்துணை புரிந்தது என்கிறார்.

மூன்றாவது சான்று மிக நுட்பமானது. கீதை கூறும் அபரிக்கிரகம், அதாவது எதனையும் தனதெனக் கொள்ளாமை, அவரைப் பெரிதும் கலக்கிற்று. மனைவி மக்களும் உடைமை அல்லரோ, வைத்திருக்கும் நூல்களையெல்லாம் துறந்துவிட வேண்டுமோ என மயங்கினார். அம்மயக்கத்தைத் தீர்த்தது மற்றொரு சமய நூலன்று. இலண்டனில் பரீட்சைக்காகக் கற்ற ஸ்நெல்லின் சட்ட நூல். பெருஞ்செல்வம் தன் ஆட்சியில் இருந்தும் அதில் ஒரு காசையும் தனதெனக் கருதாத நம்பிக்கைப் பொறுப்பாளன் என்னும் சட்டக் கருத்து நினைவிற்கு வந்தது. கீதையின் சொல் விளங்கிற்று. அவரது பொருளியற் கொள்கைக்கே அடித்தளமான கருத்து இவ்வாறு பிறந்தது. கீதை ஒன்றையே படித்திருந்தால், கீதையும் விளங்கியிராது. ஆழப் படித்தலுக்கு அகலப் படித்தல் பகையன்று. ஓர் ஊற்று மற்றதற்கு நீர் பாய்ச்சுகின்றது.

குறைவாகப் படித்தேன் என்பது கூடத் தன்னடக்கம் பற்றிய கூற்றே. 1922ஆம் ஆண்டு எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டபோது மகாபாரதம் முதலாக உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிக் கிப்பன் எழுதிய பெருநூல் ஈறாகப் பலவற்றை ஆர்வத்தோடு படித்தவர் அவர். சிறை அவர்க்கு நூலகமாயிற்று. நேரம் வாய்த்தபோது அவரும் பேராவல் கொண்ட வாசகரே.

அவ்வாறாயின், பாடநூல் வேண்டா என்னும் கூற்றை எவ்வாறு கொள்வது? அக்கூற்றுப் பிறந்த இடத்தில் வைத்தே அதனைக் கொள்ள வேண்டும். 1910ஆம் ஆண்டு யொகானஸ்பேர்க்கின் அருகே தொடங்கிய தொல்ஸ்தோய் பண்ணையில், அறப்போரில் ஈடுபட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வாழ்ந்தனர். அவருட் பலர் தமிழர். தென்னாபிரிக்காவிலேயே பிறந்தமையால் தமிழ் எழுத்தையும் அவர்கள் அறிந்திலர். அவர்க்குத் தமிழெழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தவர் காந்தியடிகளே. கடற் பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கைந்நூலைக் கொண்டு தாம் கற்றதற்கு மேல் அவர்க்குத் தமிழ் தெரியாது. அவ்வறியாமையை அவர் மாணவரிடம் மறைக்கவும் இல்லை. எந்த நூலையும் முற்றாகப் பிள்ளைகளோடு படித்ததாக நினைவில்லை. ஆயினும் பல நூல்களிலே தாம் படித்துச் செரித்ததைத் தம் மொழியிற் சொல்லிக் கொடுத்ததாகக் கூறுகிறார்.

இவ்விறுதிக் கூற்றிலேதான் விடை இருக்கின்றது. மாணவர்க்குப் பாடநூல் இல்லாது போயினும், ஆசிரியரிடம் நூல் இருந்தது. படித்துச் செரித்த ஆசிரியர் ஒருவரே நூலின்றிக் கற்பிக்க வல்லவர். ஆசிரியரே பாடநூல் என்னும் கொள்கை, ஆசிரியரின் வாசிப்புச் சுமையைக் குறைப்பதன்று, பன்மடங்கு கூட்டுவது. இதனை உணராது, காந்தியடிகளே பாடநூல் வேண்டா என்றார் என மேற்கோள் காட்டித் தாமும் படியாது மாணவரையும் படிக்கச் செய்யாதிருப்போர், அவர் நூலைப் பாதியே படித்தவராவர்.

ஆகவே, ‘சத்திய சோதனை’ காட்டும் வாசகரிடத்து இரு குரல்கள் ஒலிக்கின்றன. வாழ்க்கை எழுப்பிய வினாவுக்கு விடையாக வந்த நூல்களின் இன்பத்தை ஒரு குரல் பேசுகின்றது. சிரவணன் கதை, சோல்ட், ரஸ்கின் என்பன அதற்குரியன. வேண்டாவெறுப்பாகக் கற்றவை பின்னர்க் கைகொடுத்தமையை மற்றது பேசுகின்றது; வடமொழி, இலத்தீன், சட்டம் என்பன அதற்குரியன. முன்னதை மாத்திரம் கேட்போர் கல்வியை விருப்பம் ஒன்றின்வழி விட்டுவிடுவர். பின்னதை மாத்திரம் கேட்போர் பிரம்பைக் கையில் எடுப்பர். இரண்டையும் இணைத்தது யாதென வினவின், விடை கிருஷ்ணசங்கர் பாண்டியாவின் வருத்தமே எனலாம். அவர் அம்மாணவனைத் தண்டிக்கவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. அவன் போனதற்கு வருந்தினார். இடர்ப்பட்டால் தம்மிடம் வா என்றார்.

1927ஆம் ஆண்டு நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து மாணவரிடையே உரை நிகழ்த்தினார். அவர்தம் தன்வரலாற்றின் முதற்றொகுதி நூலாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அன்று அவரைக் கண்டு நின்ற மாணவருள்ளும், பாடநூலுக்கு அஞ்சிய கூச்சமுள்ள சிறுவர் சிலர் இருந்திருப்பர். தம்முன் நிற்கும் பெரியாரும் ஒருகாலத்தில் அத்தகைய சிறுவரே என்பதை அவர்கள் அறிந்திருந்தனரோ, இல்லையோ, இன்று வகுப்பறையின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனுக்கு அதனை அறிவித்தல் வேண்டும். அவன் நூலை வெறுப்பவன் அல்லன். தனக்குரிய நூலை இன்னும் சந்தியாதவன். அந்நூல் அவன் கண்ணிற் படும் இடத்திற் கிடக்கச் செய்வதும், அது வரும் நாளில் அதனைப் படித்தறியும் ஆற்றல் அவனிடம் இருக்குமாறு இன்றே பயிற்றி வைப்பதும் ஆசிரியர் கடன்.